சங்கரன்கோயிலில் வலி அளக்கப் போனேன்

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். சட்டைகளைத் தள்ளிவிட்டு அடியில் கிடந்த இசைக்கவையை வெளியே எடுத்தார். இரண்டே பல் உள்ள எஃகு முள்கரண்டி போல இருக்கும் அது. தட்டினால் ‘ங்’ என்று வெகுநேரம் ஒலிக்கும்.

“வித்துவானா?”

“இல்லை, வைத்தியன்.”

“அப்ப இது எதுக்கு?”

“எலும்பைக் கேட்கிறதுக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இந்தியாவில் என் ஆராய்ச்சியைப் பற்றி முதலில் விசாரித்தவர் அவர்தான். பிறகு விசாரித்தவர்களும் ஏறக்குறைய அதே முகத்தோடுதான் விசாரித்தார்கள்.

விஷயம் இதுதான். கொழும்பில் எங்கள் பேராசிரியருக்குப் பாதங்களின் மேல் தீராத பற்று. யுத்த காலத்தில் சிப்பாய்கள் பாத எலும்பில் கீறல் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததைப் பார்த்தவர் அவர். அவர்கள் விழவில்லை, அடிபடவும் இல்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். சப்பாத்துப் போட்ட காலுக்கே அந்தக் கதி என்றால், கல்தரையில் வெறுங்காலோடு, அதுவும் ஆசைப்பட்டு நடக்கிறவர்களின் எலும்பும் தசைநாணும் என்ன ஆகும் என்று அவர் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சுப்பையா அண்ணாச்சி குதிகால் வலியோடு எங்களிடம் வந்தார். கொழும்புக் கடைத்தெருவான புறக்கோட்டையில் வெங்காய மொத்த வியாபாரி. சொந்த ஊர் சங்கரன்கோயிலுக்குப் பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர். “இது என்ன வலி டாக்டர், எங்க ஊருக்கு ஆடி மாசம் வந்து பாருங்க. கோயிலைச் சுத்திச் சுத்தி ஊரே நொண்டும்” என்றார். பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். “யாராவது போய்...” என்று அவர் தொடங்குவதற்குள் என் கை உயர்ந்திருந்தது. எங்கே, எதற்கு என்பதையெல்லாம் பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.

என்னிடம் மூன்று சோதனைகள் இருந்தன. எலும்புக்கு இசைக்கவை: தட்டி எலும்பின் ஒரு முனையில் வைத்து, மறுமுனையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். முழு எலும்பானால் ஒலி கணீரென்று வந்து சேரும். கீறல் இருந்தால் மங்கிவிடும். தசைநாணுக்குக் கை: ஆளைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையைப் பிசைந்தால் பாதம் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால், குதிகாலுக்கு மேலே கயிறு போல் ஓடும் நாண் அறுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது ஒரு கேள்வி. வலி இல்லையா, கொஞ்சமா, அதிகமா? மூன்றிலும் இதுதான் சுலபமானது என்று நினைத்திருந்தேன்.

சிவகிரியிலிருந்து சங்கரன்கோயிலுக்கு பஸ். ஏறுவதற்கு முன் ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் கருப்பட்டிக் காப்பி குடித்தேன். கொழும்பில் காப்பி கசக்கும், சீனி போட்டுக்கொள்வோம். இங்கே கருப்பட்டி இனிக்கிறது, காப்பியை எங்கே போட்டார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது டம்ளரிலும் தேடினேன்.

பஸ் புறப்பட்டதும் எனக்குப் பக்கத்தில் மிளகாய் வற்றல் மூட்டைகளும், மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரரும் வந்து சாய்ந்தார்கள். டிரைவர் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இடது தொடையைக் கையால் பிடித்து அழுத்தினான். பஸ் வெள்ளாட்டுக் குட்டி மாதிரித் துள்ளியது. நாங்களும் துள்ளினோம்.

“ஏ மாடசாமி, கியர் போடுதியா, மாவு இடிக்கியா?” என்றார் வற்றல் வியாபாரி.

“வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. காலுதான் சொன்னபடி கேக்கல.”

“காலுக்கு என்னவே?”

“அம்மனுக்குத்தான் தெரியும்.”

கண்டக்டர் ஆவுடையப்பன் என் இருக்கையின் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு முழுக்கதையும் சொன்னான். போன ஐப்பசி மழையில், இதே பஸ், குளத்துக்கரை மேல் வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. கரையிலிருந்து சரிந்தது. கீழே குளம் நிறையத் தண்ணீர். “எல்லாரும் அவங்கவங்க சாமியைக் கூப்பிடுதாங்க. இவரு மட்டும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, ‘கோமதித் தாயே, உன் கால்வலியில நூத்தியெட்டுச் சுத்து நான் வாங்கிக்கிடுதேன்’னு ஒரே கூச்சல். வண்டி ஒரு பனைமரத்துல சாஞ்சு நின்னுட்டு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.”

“நானும் அன்னைக்கு இருந்தேன்” என்றார் வற்றல் வியாபாரி.

“நானுந்தான்” என்றார் முன் இருக்கையில் முட்டைக் கூடையை மடியில் வைத்திருந்த ஞானம்மாள் என்ற பெண்மணி. “நான் மாதாவைக் கூப்பிட்டேன். யாரு வந்தாகளோ, மரம் நின்னுது.”

அம்மனின் கால்வலி என்னவென்று கேட்டேன். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பி எனக்குச் சொன்னார்கள். சிவனையும் திருமாலையும் ஒரே உருவமாகப் பார்க்க வேண்டும் என்று கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நிற்கிற கால் வலிக்குமா வலிக்காதா? ஆடித் தபசுக்குக் கொடி ஏறிய பிறகு கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் அந்த வலியில் ஆளுக்கொரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். தபசு நாளில் சங்கரநாராயணராகச் சுவாமி காட்சி கொடுத்ததும் தவம் முடியும். அதற்குள் சுற்றி முடிக்க வேண்டும். மாடசாமி ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தான்.

உலகத்தில் வேறு எங்காவது வலியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. என் நோட்டில் ‘வலி’ என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்த மூன்று கட்டங்களைப் பற்றி எனக்கு அப்போதே கொஞ்சம் கவலை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை கோயில் வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சு கிடைத்தது. ஆடிக் காற்றில் காகிதங்கள் பறந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தேன். சுற்று முடித்து வந்த முதல் ஆளின் காலைப் பிடித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“டாக்டரையா என் காலைத் தொடப்படாது.”

“சோதிக்க வேணும்.”

“அப்பம் நானும் தொட்டுக்கிடுதேன்” என்று குனிந்து என் காலைத் தொட்டார். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் ஒரு காலைத் தொட்டால், அந்தக் காலுக்கு உரியவர் என் காலைத் தொட்டார். வேலை இரட்டிப்பானது. பெண்களின் கால் பக்கம் நான் போகவே இல்லை. அவர்களிடம் கேள்வி மட்டும் கேட்டேன்.

“கனக்க நோகுதோ, கொஞ்சம் நோகுதோ?”

“என்னவே, மலையாளத்துக்காரரா?” என்றார் அடுத்து வந்த ஒருவர்.

“இல்லை, கொழும்பு.”

“அதான பாத்தேன். வலிக்கான்னு கேக்கீயளா? நல்லா வலிக்கு.”

அதிகம் என்று போட்டேன். அடுத்தவருக்கும் அதிகம். அதற்கடுத்தவருக்கும் அதிகம். அப்போதுதான் கோயிலுக்குள் போய் ஒரே ஒரு சுற்று வந்தவருக்கும் அதிகம். “வலிக்கணும்லா டாக்டரையா. வலிக்கலன்னா எதுக்குச் சுத்துதேன்?” என்றார் அவர். ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, தமக்கு முன்னால் போனவருக்கு எவ்வளவு போட்டேன் என்று கேட்டார்.

“அதிகம்.”

“அவனுக்கா? அவன் உக்காந்து உக்காந்துல்லா சுத்துனான். எனக்கு அதைவிட அதிகம்னு போடுங்க.”

“அப்படிக் கட்டம் இல்லை.”

“கட்டந்தானே. வரைஞ்சுக்கிட வேண்டியதுதானே?”

வரைந்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டமும் நிரம்பிவிட்டது.

இசைக்கவைக்கு வேறு விதமான ரசிகர்கள் சேர்ந்தார்கள். கோயில் நாகசுரக்காரர் அதை வாங்கித் தட்டிக் காதோடு வைத்துக் கண்ணை மூடினார். “சுருதி சுத்தமா இருக்கு” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு அதைத் தம் முழங்கால் எலும்பில் வைக்கச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பைத் தாமே மாட்டிக்கொண்டு கேட்டார். “நம்ம எலும்புக்குச் சாரீரம் பரவாயில்ல” என்றார். அன்று முழுவதும் தெருவில் என்னைக் காட்டி, எலும்புக்குச் சுருதி சேர்க்கிற டாக்டர் என்று சொன்னார்கள். மறுத்துப் பயன் இல்லை. வேலையும் அதுதானே.

மத்தியானம் சாப்பிட்ட கிளப்பில் சொதி என்று ஒன்று ஊற்றினார்கள். பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலுமாகக் கரண்டி நிற்கும் கெட்டி.

“எங்கள் ஊரில் சொதி தண்ணியாக இருக்கும்” என்றேன்.

“ஏன், அங்க தேங்கா விளையாதா?” என்று கிளப்புக்காரர் அனுதாபத்தோடு கேட்டார்.

தென்னை மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அவர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். கடைசியில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வந்தன. “எலும்புக்கு நல்லது. நீங்க எலும்பு டாக்டராமே” என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் எலும்புகளில் உடனடியாக மாற்றம் எதுவும் தெரியவில்லை. தூக்கம் மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் பகலில் மாடசாமி காக்கிச் சட்டையோடு பெஞ்சுக்கு வந்தான். கண்டக்டர் ஆவுடையப்பனும் கூடவே வந்தான்.

“வலி?” என்றேன். ‘அதிகத்தைவிட அதிகம்’ கட்டத்தில் பென்சிலைத் தயாராக வைத்திருந்தேன்.

“வலி இல்ல.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஊரிலேயே வலி இல்லை என்று சொன்ன முதல் கால். ‘இல்லை’ கட்டத்தில் அழகாக ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மாடசாமியின் கண் கலங்கியிருந்தது.

“நாலு மாசமா குதிநரம்பு உசிர் போற மாதிரி வலிச்சுது டாக்டரையா. கிளச்சை மிதிச்சா வலி, நடந்தா வலி. அப்படி இருந்தாத்தான் சுத்துறதுக்கு அர்த்தம்னு நானும் பேசாம இருந்தேன். நேத்து சாயங்காலம் வடக்குப் பிரகாரத்துல வாரேன், படக்குனு ஒரு சத்தம். யாரோ பின்னால இருந்து கல்லெறிஞ்ச மாதிரி இருந்துது. திரும்பிப் பாத்தா யாருமில்ல. அதுக்குப் பொறவு வலி கொறஞ்சுக்கிட்டே வந்து, இப்பம் சுத்தமா இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அம்மன் எங்கிட்ட வலியைத் தரமாட்டேங்கா. நம்மள வேண்டாம்னுட்டா.”

நான் அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். வலது கெண்டைச் சதையைப் பிசைந்தேன். பாதம் தலையாட்டியது. இடது கெண்டையைப் பிசைந்தேன். பாதம் சும்மா கிடந்தது. இன்னும் ஒரு முறை பிசைந்தேன். குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது.

“நரம்பு அறுந்துபோச்சு” என்றேன். நாண் என்றால் அவனுக்குப் புரியாது. “அறுகிறதுக்கு முன்னம் இழுத்துக்கொண்டு நோகும். முழுதும் அறுந்தால் இழுக்க ஒன்றும் இல்லை. அதுதான் நோவு நின்றது. அம்மன் ஒன்றும் செய்யவில்லை.”

“அறுந்தா எப்படி நடந்து வந்தேன்?”

“நடக்கலாம். எழும்பி நின்று குதிகாலைத் தூக்கிக் காட்டுங்கோ.”

எழுந்தான். வலது குதிகால் தூக்கியது. இடது குதிகால் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். ஆவுடையப்பனும் குனிந்து பார்த்தான்.

உடனே கட்டுப் போட்டு, பல வாரம் ஊன்றாமல் இருந்தால் அறுந்த முனைகள் சேரும். இப்படியே நடந்து தேய்த்தால் இடைவெளி கூடிக்கொண்டே போகும்; அப்புறம் அந்தக் கால் கிளச்சை மிதிக்காது. இதை நான் மூன்று விதமாகச் சொன்னேன். மாடசாமி மூன்றையும் கேட்டுக்கொண்டான்.

“இன்னும் பாதிச் சுத்து கெடக்கு” என்றான். “நேத்திக்கடனை முடிக்காம அந்தக் குளத்துக்கரையில நான் வண்டி ஓட்டமாட்டேன்.”

“முடித்தால் எந்தக் கரையிலும் ஓட்ட முடியாது.”

“சாயங்கால ட்ரிப்பு இருக்கு” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இந்த இடத்தில் நிதானமான ஒருவன் பஸ் கம்பெனிக்குப் போய் முதலாளியைப் பார்த்திருப்பான். நான் ஓடிப் போய் அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். வழியில் பேசி மனத்தை மாற்றிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. வற்றல் வியாபாரி இருந்தார். ஞானம்மாள் வெறுங்கூடையோடு இருந்தார். அந்த ட்ரிப்பில் ஏறுகிறவர்கள் எப்போதும் ஏறக்குறைய அதே ஆட்கள்தானாம்.

டிரைவருக்குப் பின்னால் நின்று தசைநாண் எப்படிச் சேரும் என்று விளக்கிக்கொண்டே போனேன். குளத்துக்கரை வந்தது. எதிரே ஒரு செம்மறிக் கூட்டம். மாடசாமி பிரேக்கை மிதித்தான், பிரேக் பிடித்தது. கிளச்சையும் மிதித்தான், அந்தக் கால் போக வேண்டிய தூரம் போகவில்லை, எஞ்சின் சக்கரத்தை விடவில்லை. பஸ் ஒரு குதி குதித்து, உறுமி, கரையின் சரிவில் மெதுவாக, ஏதோ யோசனை பண்ணுவது போல இறங்கியது. வற்றல் மூட்டை என்மேல் விழுந்து அவிழ்ந்தது. அத்தனை பேரும் தும்மிக்கொண்டே சரிந்தோம். மரத்தில் போய்ச் சாய்ந்து பஸ் நின்றது.

தும்மல் அடங்கியதும் ஒவ்வொருவராக இறங்கினோம். யாருக்கும் காயம் இல்லை. வற்றல் வியாபாரி மரத்தைச் சுற்றி வந்து பட்டையில் இருந்த பழைய தழும்பைத் தடவினார்.

“ஏலே, போன வருசத்துப் பனைதாம்லே இது!”

குளம் அப்போது வற்றிக் கிடந்தது. இருந்தாலும் ஒவ்வொருவராக வந்து தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். செம்மறிகள் மட்டும் தங்கள் பாட்டுக்குப் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போயின.

“நேத்தியைப் பாதியில வச்சிருக்கான்லா, அதான்” என்றது ஒரு குரல்.

“முடிக்கட்டும். முடிக்காதவன் வண்டியில இனி எவன் ஏறுவான்?”

நான் கரையின் மேல் ஏறி நின்று, முடிக்கக்கூடாது என்பதற்கான காரணங்களைச் சொன்னேன். மிளகாய் நெடியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் என் பேச்சுக்கு எதிர்பாராத உருக்கம் கிடைத்தது. அப்படியும் பயன் இல்லை. மாடசாமி மரத்தடியில் உட்கார்ந்து, “நாளைக்குக் காலையிலே போய்ச் சுத்தி முடிச்சிருதேன். கால் போனாப் போகட்டும்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது என்று ஆவுடையப்பன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

அப்போது ஞானம்மாள் கூடையைக் கீழே வைத்தார்.

“ஏன் வே, போன வருசம் வண்டியில இவரு மட்டுமா இருந்தாரு? பொழைச்சுக் கெடக்கது நாமளுந்தானே. நேத்தி மட்டும் இவரு தலையிலயா?”

எல்லோரும் பனைமரத்தைப் பார்த்தார்கள்.

“எனக்கு மூலம் உண்டு” என்றார் வற்றல் வியாபாரி.

“மூலத்துக்கு நடக்கது நல்லதும்பாக” என்றான் ஆவுடையப்பன். அவன் பையிலிருந்து டிக்கெட் கட்டை எடுத்துவிட்டிருந்தான். “அன்னைக்கு ஏறுனவுக யார் யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. யாரும் ஒளிய முடியாது. நீரு சிவகிரி ஏத்தம், முழு டிக்கெட். உம்ம மகன் அரை டிக்கெட், அவனுக்குப் பாதி. எல்லாருமாப் பங்கு போட்டா மிச்சம் இருக்கது ஒரு காலையிலே முடிஞ்சிரும்.”

மாடசாமி ஒப்பவில்லை. வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னது தன் வாய் என்றான். கடைசியில், ஊருக்குத் திரும்பி அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பங்கு போடலாம். மாடசாமியை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினோம். மற்றவர்கள் தும்மிக்கொண்டே பின்னால் நடந்தோம்.

முதலில் சிவப்பு வந்தது. எடுத்தவருக்குக் கை நடுங்கியதால் அது செல்லாது என்றார் வற்றல் வியாபாரி. இரண்டாவதும் சிவப்பு. பொட்டலத்தை ஒழுங்காகக் குலுக்கவில்லை என்றார் ஞானம்மாள், கோபுர வாசலுக்கு வெளியே நின்றபடி. மூன்றாவது வெள்ளை. சோதனையை நல்ல முடிவு வரும்வரை திரும்பச் செய்வது விஞ்ஞானத்தில் கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மாடசாமிக்குக் கட்டுப் போட்டோம். அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டுமானால் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிவைத்துத்தான் மாவுக்கட்டுப் போட வேண்டும். அவன் தன் காலையே வெகுநேரம் பார்த்தான்.

“கிளச்சை மிதிச்ச மாதிரியே இருக்கே டாக்டரையா.”

“அப்படியேதான் வைத்திருக்க வேணும்.”

“பல வாரமா?”

“ஓம்.”

“அம்புட்டு நாளு மிதிச்சே வச்சிருந்தா கிளச்சுத்தட்டு தேஞ்சு போகுமே” என்றான். மூன்று நாளில் அவன் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

கோயிலில் ஆவுடையப்பன் கொடிமரத்துப் பக்கம் நின்றான். ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஓட்டை போட்டான். விசில் ஊதக்கூடாது என்று கோயில் காவலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். அதனால் அவன் ஒவ்வொருவரிடமும் மெல்ல, “போலாம், ரைட்” என்று மட்டும் சொன்னான். முன்னும் பின்னும் காலைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது என்று இசைக்கவையோடு உட்கார்ந்திருந்தேன். என் முன்னாலும் ஒரு டிக்கெட்டை நீட்டினான்.

“நான் போன வருசம் வண்டியில் இல்லை.”

“இந்த வருசம் இருந்தீயல்லா? மரம் ஒண்ணுதானே. அன்னைக்கு வந்ததுல ஒருத்தரு பம்பாய்க்குப் போயிட்டாரு. அந்த சீட்டு காலி.”

சப்பாத்தைக் கழற்றினேன். கல்தரை காலை நேரத்திலேயே தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நிதானமாக நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னவன் நான்தான். பாதியில் வற்றல் வியாபாரி என்னைத் தாண்டிப் போனார். மூலம் உள்ள ஒருவர் என்னை முந்துவதா என்று வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார். எனக்குரிய ஓட்டைகள் முடிந்த பிறகும், உட்கார்ந்துவிட்ட ஒருவருடைய பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வலது பாதத்தின் நடுவில் ஏதோ ஓர் இடம் சூடாகத் தொடங்கியது.

ஞானம்மாள் கோயிலுக்குள் வரவில்லை. “மாதா ஒண்ணும் சொல்லமாட்டா. இருந்தாலும் நான் வெளிய சுத்துதேன்” என்று நான்கு ரதவீதியையும் சுற்றினார். வெளிச்சுற்று உள்சுற்றைவிட வெகு நீளம். முடித்துவிட்டு வந்தவரிடம் கேள்வியைக் கேட்டேன்.

“வலிக்கு” என்றார். “யாருக்குச் சேரணுமோ அவுகளுக்குச் சேரட்டும்.”

எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல், அவருடைய வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்.

தபசு நாளன்று ரதவீதியில் மூச்சு விட இடம் இல்லை. எங்கள் கொழும்பிலே வேல் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்; இனிமேல் பெருமைப்பட மாட்டேன். அம்மன் ஒரு பக்கம் தவக்கோலத்தில் இருந்தாள். கூட்டத்தின் நடுவில் மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு, ஆவுடையப்பனின் தோளைப் பிடித்தபடி, மாடசாமியும் ஒற்றைக்காலில் நின்றான். உட்காரச் சொன்னேன். “அவ நிக்காளே” என்றான்.

சங்கரநாராயணர் காட்சி கொடுத்த கணத்தில் பருத்தியும் நெல்லும் வற்றலும் வானத்தில் பறந்தன. விளைச்சலில் ஒரு பங்கை அப்படித்தான் அம்மனை நோக்கி எறிவார்களாம். பருத்தி பூப்போல விழுந்தது. வற்றல் அப்படி விழவில்லை. யார் எறிந்தது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. மறுபடியும் தும்மினேன்.

மாடசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“டாக்டரையா, இப்பம் அம்மன் காலைக் கீழ வச்சிருப்பா, என்ன?”

“வைத்திருப்பா.”

“எனக்கு இன்னும் எத்தன வாரம்?”

சொன்னேன். அவன் அம்மனைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்ததாக எனக்குப் பட்டது.

கொழும்புக்கு நான் நொண்டிக்கொண்டே திரும்பினேன். பேராசிரியர் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் என் வலது பாதத்தைப் பார்த்தார். மேசை மேல் தூக்கி வைக்கச் சொன்னார். இசைக்கவையைத் தட்டி எலும்பின் ஒரு முனையில் வைத்து மறுமுனையில் கேட்டார். முகம் மலர்ந்தது.

“மங்கலாகக் கேட்குது. கீறல்தான்! கனக்க நோகுதோ?”

“அதிகத்தைவிட அதிகம்” என்றேன்.

“அப்படிக் கட்டம் இல்லையே?”

“வரைந்திருக்கிறேன், சேர்.”

அந்த ஆராய்ச்சியில் எலும்புக் கீறல் சந்தேகமின்றிக் கிடைத்தது ஆராய்ச்சியாளன் ஒருவனிடம் மட்டுமே. அறிக்கையில் அதை எப்படி எழுதுவது என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் புறக்கோட்டையில் சுப்பையா அண்ணாச்சியைப் பார்த்தேன். ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தார். சிவகிரி பஸ்ஸில் போனாராம். மாடசாமிதான் ஓட்டினானாம், பஸ்ஸில் நிற்க இடம் இல்லையாம்.

“கியர் போடுதது தெரியவே மாட்டேங்கு டாக்டர், எண்ணெய் மாதிரிப் போகுது வண்டி. முந்தியெல்லாம் தூக்கித் தூக்கிப் போடும், எறங்குற எடத்துல முழிப்பு வந்துரும். இப்பம் அவனவன் தூங்கி ஊரைத் தாண்டிப் போயிருதான். கண்டக்டருக்கும் அவனுகளுக்கும் தெனமும் சண்டை.”

“அந்தப் பனை?”

“நிக்கி. கரையைத் தாண்டுதப்போ எல்லாரும் ஒரு கும்பிடு போட்டுக்கிடுதாங்க. அது கெடக்கட்டும், உங்க கால் வலி எப்படி இருக்கு?”

நான் பாதத்தைத் தரையில் ஊன்றி, குதிகாலை உயர்த்தி, ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

“போயிட்டுது, அண்ணாச்சி” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.